இரண்டு மணி பதினான்காவது நிமிடம்

பிறைமதி லைவ் என்ற நேரலைச் சேனலுக்கு வந்த முதல் புகாரை விளம்பரம் என்று நினைத்து என் கூட்டாளி இன்ஸாப் அழித்துவிட்டான். இரண்டாவது வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டான். நான் கெம்பஸில் மூன்றாம் வருடம் என்பதால் சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைச் சந்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களெல்லாம், கரண்ட் பில் முதல் விசா மறுப்பு வரை, என் கையால் போவதுதான் வழக்கம்.

"என்ன செல்லுறானுகள் மச்சான்?"

"ரெண்டு புகார்டா. றிஸ்னாட கலியாண வீடியோ உன்ட இல்லையாம். பிறைமதி எண்ட பேரும் லோகோவும் உன்ட இல்லையாம். மூணாவது வந்தா சேனலயே தூக்கிருவானுகள். ஏழு நாளைக்குள்ள நீதான் சொந்தக்காரன் எண்டு காட்டணும்."

"என்ட தங்கச்சிட கலியாணம். எங்கட வாசல், எங்கட கமெரா. இதுல வேற ஆருக்குடா உரிமை?"

புகார் கொடுத்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிறைமதி வீடியோ உரிமையாளர்' என்று இருந்தது. பிறைமதி வீடியோ இன்ஸாப் வீட்டாரின் ஸ்டூடியோ; சேனலே அதன் பெயரில்தான் ஓடுகிறது. களவெடுக்கிறவன் வீட்டுக்காரனின் சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

இன்ஸாப்பின் நிலைமையையும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். 'மாப்பிள்ளை என்ன செய்றார்?' என்று கேட்டால் அவனுடைய உம்மா போனை நீட்டி அறுபத்திரண்டாயிரம் பேர் பின்தொடரும் சேனலைக் காட்டுவா. அதைத் தவிரக் காட்டுவதற்கு அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. அதையும் காட்டாமல் இருப்பதே நல்லது.

நாங்கள் சந்தேகப்படத் தொடங்கினோம். முதலில் றாஸிக். உதைபந்தாட்ட நேரலையில் வர்ணனை செய்தவன். தன் மச்சான் விளையாடிய அணிக்கு விழாத கோலை விழுந்ததாகச் சொன்னதால் இன்ஸாப் அவனை நிறுத்தியிருந்தான். அன்று தேத்தண்ணிக் கடையில் எங்களைக் கண்டதும், "எப்படி, சுகமா?" என்று கேட்டான். இதற்குமுன் அவன் யாருடைய சுகத்தையும் கேட்டதில்லை. குறித்துக்கொண்டோம்.

அடுத்தது வினோதன் அண்ணன். கல்முனை பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர். கலியாண நேரலையில் எங்களுக்குப் போட்டி. நேரே போனோம். உட்காரச் சொன்னார், பிளேன்டீ வருவித்தார், பனங்கட்டியும் வைத்தார். பனங்கட்டியைப் பார்த்ததும் இன்ஸாப் என் காலை மிதித்தான்.

"தம்பிமார், உங்கட சேனல மூடுறதெண்டா எனக்குச் சந்தோசம்தான்," என்றார் வினோதன் அண்ணன், "ஆனா அதுக்கு இங்கிலீசில எழுதவேணுமே. எனக்கு அந்தக் கரைச்சல் ஏலாது. கொண்டா பாப்பம்."

போனை வாங்கித் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"இதில வீடியோட நேரம் போட்டுக்கிடக்கே. ரெண்டு மணி பதினாலாவது நிமிசத்திலயிருந்து பதினேழு வரைக்கும். அந்த மூண்டு நிமிசத்தில என்ன இருக்கு?"

 மூன்று நாளாகக் களவாளியைத் தேடுகிறோம். களவு போன பொருளை இருவருமே பார்க்கவில்லை.

"பாக்காமலா என்னைப் பிடிக்க வந்த நீங்க?" என்று கேட்டுவிட்டு, பனங்கட்டித் தட்டை எங்கள் பக்கம் இன்னும் தள்ளினார்.

அங்கேயே பார்த்தோம். பெண்கள் பக்கம். கமெரா நின்றுவிட்டது என்று நினைத்துப் புதுமாப்பிள்ளையின் உம்மாவோடும் இன்னும் நாலு பேரோடும் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி றிஸ்னா உட்கார்ந்திருக்கிறாள். முகத்திரையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, அந்த மாமியின் பக்கத்தில் இருந்த பெரிய கோழிக்காலை எட்டி எடுக்கிறாள். மாமி பார்க்கிறா. றிஸ்னா கடிக்கிறாள். மாமி இன்னும் பார்க்கிறா. அந்த வீடியோவுக்கு நாலு லட்சம் பார்வை. பின்னூட்டங்களில் பாதி கோழிக்கால் படம்.

"மாமிக்காரிதான்!" என்றேன். என் சந்தேகத்துக்கு வயது, பால் வேறுபாடு கிடையாது.

"அவவுக்குப் போன் திறக்கவும் தெரியாதுடா."

எப்படியோ, சொந்தக்காரன் என்று காட்ட பிறைமதி ஸ்டூடியோவின் உறுதிப் பத்திரம் வேண்டும். இன்ஸாப்பின் வாப்பா அப்துல் ஸமட்டிடம் போனோம். ஸ்டூடியோவை முதலில் தொடங்கியவர் அவர்தான். பத்திரம் என்றதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அது இப்ப என்னத்துக்கு மனே?"

"சேனல் போகப்போகுது வாப்பா."

அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தது றிஸ்னாவின் சீதன உறுதி. பத்திரம் எழுதும் நொத்தாரிசு எழுதியிருந்தார்: வீடும், கிணறும், ஒன்பது தென்னையும், பிறைமதி வீடியோ என்னும் வியாபாரமும், அதன் பெயரும், கருவிகளும், இணையத்தில் அதற்குள்ள சகல பாத்தியதைகளும்.

"மாப்பிள்ள வீட்டார் வீடு சின்னன் எண்டாங்க. நான் வேற என்னத்த எழுதுற?" என்றார் வாப்பா.

"என்னட்ட ஒரு சொல்லுச் செல்லல்லியே!"

"சாட்சிக் கையெழுத்து ஆர்ட? கீழ பாரு."

கீழே இன்ஸாப்பின் கையெழுத்து இருந்தது, வாலெல்லாம் சுழித்து, தாராளமாக. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கையின் சீதன உறுதியை வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கிற காக்கா, அதாவது அண்ணன், எங்கள் பக்கத்தில் இல்லை. வாசித்தால், கொடுக்க மனமில்லாதவன் என்று ஊர் சொல்லும்.

அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெசின் நின்றது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்த பெண் சீதன வீட்டிலேயேதான் இருப்பாள்.

"காக்கா, இங்க வாங்க," என்றாள் றிஸ்னா.

போனோம். மடியில் லெப்டொப். திரையில் மூன்றாவது புகார், அனுப்புகிற பொத்தான் மட்டும் பாக்கி.

"நீயா புள்ள?" என்றான் இன்ஸாப். "கூடப் பொறந்தவனுக்கா?"

"மூணு தரம் கேட்டன், அந்தத் துண்ட அழிங்க எண்டு. என்ன சென்ன நீங்க? 'சேனல் ஓனர் நான்' எண்டு சென்ன. அப்பதான் ஓனர் ஆரெண்டு பத்திரத்தப் பாத்த நான்."

"அதுதானே ஆகக் கூடப் போன வீடியோ! நாலு லட்சம் பேர்!"

"ஓம். அதுல ஒராள் என்ட மாமி, ஆரோ போன்ல காட்டியிருக்காங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள அவட வீட்டுக்குக் கூப்பிட்டு கோழிக் கறி வெச்சி, காலை எடுத்து என்ட பீங்கான்ல போட்டுட்டு என்னையே பாத்துட்டு இருக்கா. ஒண்டும் செல்றல்ல. பாத்துட்டு இருக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. றிஸ்னா என்னைப் பார்த்தாள். வந்த சிரிப்பு திரும்பிப் போய்விட்டது.

"இங்கிலீசு ஆர்ட்ட எழுதி எடுத்த?" என்று கேட்டேன். தொழில்முறைச் சந்தேகம்.

"நான் ஏ லெவல்ல இங்கிலீசுக்கு ஏ எடுத்த. ஒழுங்கையில ஒரு கடுதாசியும் என்னட்ட வரல்ல, அவ்வளவுதான்."

இன்ஸாப் போனை எடுத்தான். கலியாண வீடியோவை அழிக்கவா என்று போன் ஒருதரம் கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொருதரம் கேட்டது. இரண்டுக்கும் ஓம் என்று அமத்தினான். நாலு லட்சம் பார்வைகளும் அப்படியே இல்லாமல் போயின. றிஸ்னா மூன்றாவது புகாரை மூடினாள். மற்ற இரண்டையும் மீளப்பெற்றுக்கொண்டதாக நாலு வரியில் எழுதி அனுப்பினாள். பிழை இருக்கிறதா என்று தோளுக்கு மேலால் பார்த்தேன். இருக்கவில்லை. அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

"இப்ப பொண்ணு வீட்டார் கேட்டா நான் என்னத்தச் செல்ற?" என்றான் இன்ஸாப், வாசற்படியில் குந்திக்கொண்டு.

"தங்கச்சிட சேனல்ல வேல செய்றன் எண்டு செல்லுங்க."

அவன் படியிலிருந்தபடியே அவள் பக்கம் திரும்பினான்.

"நிரந்தர வேல எண்டு செல்லலாமா?"

றிஸ்னா மெசினுக்குள் நூலைக் கோத்தாள்.

"பெண்கள் பக்கம் கமெராவத் திருப்பாம ஆறு மாசம் இருங்க. பொறகு பாப்பம்."