நடுவில் தட்டிய கைகள்

மைசூர்ப் பல்கலைக்கழக வளாகமான மானசகங்கோத்ரியின் திறந்தவெளி அரங்கில் அன்று மாலை பாதிப் படிகள் காலியாகவே இருந்தன. மைசூர்க்காரர்களுக்கு ஜாஸ் மீது பகையொன்றும் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வந்திருந்தவர்களும் சபாவில் உட்காரும் ஒழுங்கோடு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கை அசையாது.

க்ளாரன்ஸ் ரெபெல்லோ மங்களூரில் பிறந்து, பம்பாய் ஓட்டல்களில் சாக்ஸபோன் வாசித்துப் பேர் வாங்கியவர். எண்பதை நெருங்கிவிட்டார். படியில் உட்கார்ந்திருந்த மீனாக்ஷிக்கு இசை என்றால் இருபது வருஷமாக அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் கணவன் ஸ்ரீகுமார்தான் அவரை ஓர் இசைத்தட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். "ஒருத்தர் தனியா வாசிச்சு முடிச்சா உடனே தட்டணும். பாட்டு அதுபாட்டுக்கு ஓடும், முடியட்டும்னு காத்திண்டிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். மண்டி மொஹல்லா மாடி வீட்டில் இருவரும் இசைத்தட்டுக்குக் கை தட்டுவதைக் கேட்டு, கீழ்வீட்டு கௌரம்மா யாரோ விருந்தாளி என்று நினைத்ததுண்டு.

இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். இருவரும் சேர்ந்து கேட்ட விவாகரத்து. வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் கடைசியாக ஒருமுறை சம்மதம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. உண்மையில் சம்மதம் அவனுடையது; அவள் மறுக்கத் தெரியாமல் தலையாட்டியிருந்தாள். திங்கட்கிழமைக்குள் அவன் மனசு மாறிவிடாதா என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. ரெபெல்லோ மைசூர் வந்தால் சேர்ந்து போவதென்று எப்போதோ பேசியிருந்தார்கள். அதனால்தான் வந்தாள்.

ரெபெல்லோ நீளமாகத் தனியே வாசித்துவிட்டு வாத்தியத்தை இறக்கினார். பின்னால் பியானோவும் டிரம்ஸும் நிற்காமல் ஓடின. மீனாக்ஷி பளிச்சென்று கை தட்டினாள்.

கூட வந்திருந்த அண்ணன் மகள் வைஷாலி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சும்னிரி அத்தை, சும்மா இருங்கோ. பாட்டு இன்னும் முடியலை. மானம் போறது."

அப்போது இடதுபக்கம் மேல்படியிலிருந்து இன்னொரு ஜோடிக் கைகள் தட்டும் ஓசை வந்தது. அத்தனை பெரிய அரங்கில் அந்த இரண்டு பேர்தான். மீனாக்ஷி திரும்பவில்லை. திரும்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்று இல்லை. ரெபெல்லோ முதலில் அவளையும் பிறகு மேல்படியையும் பார்த்துச் சிரித்தார்.

கச்சேரி முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. ஸ்ரீகுமார் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். கையில் அந்தப் பழைய இசைத்தட்டு.

"வருவேன்னு நினைச்சேன்" என்றான்.

"வருவேள்னு நான் நினைக்கலை" என்று பொய் சொன்னாள்.

"மெலிஞ்சுட்டியே."

"உங்க கைச் சமையல் இல்லையோல்லியோ, அதான்."

அவன் சிரித்துவிட்டான். அவனுக்குப் பால் காய்ச்சக்கூட வராது.

முறை வந்தபோது ரெபெல்லோ அடையாளம் கண்டுகொண்டார். "ஓகோ, நடுவில் தட்டிய ரெண்டு பேர்" என்றார் கன்னடத்தில். "ஒரே வீடுதானே? இந்த ஊரில் இது தானாக வராது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். மீனாக்ஷி பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள்.

"ஒரே வீடுதான் சார். நான்தான் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றான் ஸ்ரீகுமார்.

கிழவர் இருவர் பெயரையும் கேட்டு, இசைத்தட்டின் அட்டையில் அடுத்தடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரிடம் சொல்ல இருபது வருஷத்துப் பேச்சு இருந்தது. மீனாக்ஷிக்கு வாயில் கன்னடமே வரவில்லை. "நன்னா வாசிச்சேள்" என்றாள் தமிழில். அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார்.

வெளியே மரத்தடிக்கு வரும்வரை அவள் பொறுத்திருந்தாள். "ஏன் இல்லைன்னு சொல்லலை?"

"எதை?"

"ஒரே வீடான்னு கேட்டாரே."

அவன் நிஜமாகவே யோசித்தான். "பாவம், வயசானவர். ஆசையா கேட்டார். அவர்கிட்டப் போய் நம்ம கதையெல்லாம் சொல்லிண்டிருக்க முடியுமா?" பிறகு, "திங்கட்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடு, மீனா. வக்கீல் சொல்லச் சொன்னார்" என்றான்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்று இசைத்தட்டை நீட்டினான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "ப்ளேயர் உங்ககிட்டன்னா இருக்கு. இதை வெச்சுண்டு நான் என்ன பண்ண?"

"சரி, அப்பக் குடு."

"மை ஈரமா இருக்கு. பையில போட்டா அப்பிக்கும்."

ஓரங்களில் விரல் வைத்துப் பிடித்து, எழுத்துகளின் மேல் மெல்ல ஊதினாள். அவன் கைபேசியைப் பார்த்தான். கேட்டருகே வைஷாலி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கும், மீனா. எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு."

அவள் சுண்டுவிரலால் தன் பெயரைத் தொட்டாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னும் இல்லை" என்றாள்.