கருப்பசாமி முன்னால் பூட்ஸ்

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கு ஊடே டியூசன் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனாள் மகாலட்சுமி. ராஜபாளையத்துப் பிள்ளைகள். ஓடைக்கரையில் கூடாரம் போட்டு, இருட்டுவதற்குள் ஆசைதீரக் குளிக்கலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

முனீஸ்வரிக்குத்தான் நடை பிந்தியது. பிறவியிலேயே பாதம் வளைந்த பிள்ளை; முழங்கால்வரை வார் போட்டு இறுக்கிய பூட்ஸ் இல்லாமல் தூரந்தொலைவு நடக்க வராது. யாராவது “பாவம்” என்றால் போதும், முகம் சுண்டிப்போகும்.

வழியில் புளியமரத்தடியில் கருப்பசாமி கல். அந்தப் பக்கத்தில் யாரும் காலில் செருப்போடு அதைத் தாண்டமாட்டார்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கும்பிட்டு, அப்பால் போய்த்தான் மாட்டுவார்கள். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். முனீஸ்வரி குனிந்து வாரைப் பிடித்தாள்.

“நீ கழட்ட வேண்டாம் கண்ணு. சாமிக்குத் தெரியும்” என்று மகாலட்சுமி அவளைக் கைப்பிடித்துக் கடத்திவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை நின்றுவிட்டது.

“என்னம்மா, கால் வலிக்குதா?”

“இல்ல. எல்லாரும் கழட்டுனாங்கள்ல? என்னைய மட்டும் ஏன் டீச்சர் விடல?”

கூடார மூட்டையோடு முன்னால் போன தோப்புக்காரர் வேல்சாமி திரும்பிப் பார்த்தார். “அதக் கழட்டி மாட்டுறதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும் டீச்சர். பிள்ளைய நான் தூக்கிட்டு வாரேன்.”

மகாலட்சுமிக்குச் சுருக்கென்றது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். ஆனால் இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் இவளை மட்டும் தனியே பிரித்தல்லவா வைத்துவிட்டாள்?

“வேண்டாம் அண்ணாச்சி. திரும்பிப் போவோம்.”

முனீஸ்வரி ஒவ்வொரு வாராகக் கழற்றினாள். பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டீச்சர் தோளைப் பிடித்தபடி வெறுங்காலோடு கல்லைத் தாண்டினாள். நின்று நிதானமாகக் கும்பிட்டாள். மறுபடி மாட்டி முடிப்பதற்குள் மலைநிழல் தோப்பை மூடிவிட்டது. இனி ஓடைக்குப் போக முடியாது. அங்கேயே பக்கத்துத் தரிசில் மூட்டையை இறக்கினார் வேல்சாமி.

இடுப்பில் துண்டோடு தயாராக நின்ற கௌதம்ராஜுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஏட்டி, உன்னாலதான் குளியல் போச்சு! ஆமை!”

“போலே! வீட்ல மட்டும் தினம் குளிக்கியாக்கும்? பஸ்ல உன் பக்கத்துல உக்காந்து வந்தவ நானு!”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவனை அதட்ட வாயெடுத்த மகாலட்சுமி அப்படியே அடக்கிக்கொண்டாள். டியூசனில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளையோடு யாரும் சண்டை போட்டதே இல்லை.

“பேசுனது போதும், இதப் பிடிச்சு இழு” என்று கூடாரக் கயிற்றை முனீஸ்வரியிடம் நீட்டினான் கௌதம்ராஜ்.

அவள் இழுத்த இழுப்பில் அவனே தடுமாறிப்போனான்.