பதினொன்றாம் டிராமின் கூடவே ஒருவர்

…அப்படியானால் அந்த ஆள் பார்த்துக்கொண்டிருப்பது ஓட்டுநரை, டிராமை இல்லை, என்று உல்ரிகாவுக்குப் பட்டது பல் துலக்கும்போதுதான், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள், பிறகு காபி குடிக்கக்கூடத் தோன்றாமல் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்து, இதோ யேர்ன்டோரியெட் நிறுத்தத்தில் பதினொன்றாம் டிராமைப் பிடித்து, ஓட்டுநர் கதவுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள், ஈரக்குடை காலில் சொட்டுகிறது, எப்படி இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்று? பகலெல்லாம் வங்கிக்கும் பல் மருத்துவருக்கும் இணையப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமல் தனக்காக அவள் செய்த பக்கம் அது, கருப்புத் திரை, அதில் கோத்தன்பர்க் நகரத்து டிராம் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். இதற்கு முன் செய்த பக்கத்தில் பேருந்துகளில் தொலைந்த குடைகளை எண்ணிக் காட்டினாள், அதைப் பார்க்க வந்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர், அதில் ஒருத்தி அவள் அக்கா. இந்தப் புள்ளிகளுக்கோ ஊரே வந்தது. டிராம் எங்கே இருக்கிறது என்று சில நொடிகளுக்கு ஒருமுறைதான் தகவல் கிடைக்கும், அப்படியே விட்டால் புள்ளி தவளை மாதிரி தாவும், அந்த இடைவெளியை அவளே ஊகித்து நிரப்பி வழுக்கிக்கொண்டு போகவைத்தாள், அதாவது திரையில் தெரிவதில் பாதி அவள் கற்பனை… ஒரு புள்ளியைத் தொட்டால் திரை அதன் கூடவே நகரும், அதற்கு ஒரு பொத்தான், ‘கூடவே போ’. எத்தனை பேர் கூடவே போகிறார்கள் என்று பக்கத்தில் ஓர் எண். பெரும்பாலும் பூஜ்யம்.

ஆனால் பதினொன்றில், காலையில், தினமும் ஒன்று. இருபத்துமூன்று நாளாக ஒன்று. யாரோ டிராம் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தாள், அவர்கள் வண்டி எண்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள், ஆனால் இங்கே வண்டி தினமும் வேறு, வழித்தடம் மட்டும் அதே, பத்து நாற்பதுக்கு அதே புள்ளி தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று பூஜ்யமாகிவிடும், பத்து நாற்பதில் அப்படி என்ன நடக்கிறது? ஓட்டுநர் மாறுகிறார். அவ்வளவு எளிது. இன்றைக்கும் அந்த ஒன்று இந்த வண்டியின் புள்ளியில்தான். பதினொரு மணிக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் ஸ்டெலன் காத்திருப்பார், பக்கத்தை அவர்களுடைய இணையதளத்திலேயே வைக்கப்போகிறார்களாம், அவர் போட்டது ஒரே நிபந்தனை, “அழகா இருக்கு உல்ரிகா, ஆனா அந்தப் பொத்தானைத் தூக்கிடு, யாராவது யாரையாவது தொரத்துறதுக்கா நாம டிராம் விடுறோம்?” அதை எடுத்தால் மிச்சம் என்ன, கடிகாரக் கடைச் சுவர் மாதிரி ஓர் அலங்காரம் என்று போன வாரம் கத்தினாள், இப்போது அவர் கேட்டது காதுக்குள் வேறு மாதிரி ஒலிக்கிறது… கண்ணாடிக்கு அப்பால் ஓட்டுநரின் தோளில் பின்னல் தெரிந்தது, நரைத்து, தடித்து. இந்தத் தோளையா ஒருவர் தினமும் பார்க்கிறார்? தோளை எங்கே பார்த்தார், நான் கொடுத்த புள்ளியைப் பார்த்தார். மஜூர்னா ஏற்றத்தில் டிராம் முனகியது, திரையில் இந்த முனகல் இல்லை, மழை இல்லை, ஒரு புள்ளிக்குள் பின்னல் இருக்கும் என்று வரையும்போது ஒருதரம்கூட நினைத்ததில்லை.

கடைசி நிறுத்தமான சால்ட்ஹோல்மனில் எல்லோரும் இறங்கித் தீவுப் படகுக்கு ஓடினார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து, மொறுமொறு ரொட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டே, “என்ன, எறங்கலயா? தூங்கிட்டீங்களா, இல்ல என்னைப் பாக்கத்தான் வந்தீங்களா?” என்றாள். சட்டையில் பெயர், அனெலி. “உங்களைப் பாக்கத்தான்” என்றாள் உல்ரிகா, வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை. கைப்பேசியைக் காட்டிச் சொல்லச் சொல்ல அனெலியின் மெல்லும் வாய் மெதுவாகி நின்றது.

“இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு இதே சுத்துதான். அது யாருக்குத் தெரியும்…” யோசித்தாள். “எந்த ஊர்ல இருந்து பாக்குறாங்கன்னு தெரியுமா?”

“இந்த ஊர்தான். அதுக்கு மேல தெரியாது.”

“என் பொண்ணு லூலியோவுல. ரெண்டு வருஷமாப் பேச்சில்ல.” ரொட்டியைக் காகிதத்தில் மடித்தாள், கவனமாக, நான்காக. “இந்த ஊர்னா அவங்கப்பன் இருக்கான். அவன் கண்ல படக்கூடாதுன்னுதான் வீடு மாறினேன்.”

உல்ரிகா கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினாள். “அந்தப் பொத்தானை இப்பவே எடுத்துடுறேன். ரெண்டு நிமிஷ வேலை.”

“இருங்க.” அனெலி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “அவ திரும்பி வந்திருந்தா?”

அந்த எண்ணுக்குப் பின்னால் மகளும் அவனும் ஒரே மாதிரிதானே இருப்பார்கள்… டிராமில் புதிதாக ஏறியவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள், கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது.

“இப்ப இருக்காங்களா?”

“இருக்காங்க. ஒண்ணு.”

“நான் கெளம்பாம நின்னா அவங்களுக்கு என்ன தெரியும்?”

“நின்னுட்டிருக்கீங்கன்னு தெரியும்.”

“ஏன்னு?”

“அது தெரியாது.”

அனெலி தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள், விசையைத் தொடவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம். இரண்டு. பின்னாலிருந்து ஒருவர், “அம்மா, வேலைக்குப் போகணும்” என்றார். தாமதமானால் மஞ்சளாகும்படி உல்ரிகாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிவைத்தாள், வண்ணம் அழகாக இருக்கும் என்று, இப்போது அவள் உள்ளங்கையில் புள்ளி மஞ்சளாயிற்று. “இன்னும்?” என்று முன்னாலிருந்து குரல். “இன்னும் இருக்காங்க” என்றாள். மூன்றாவது நிமிடத்தில்தான் மணியடித்து டிராம் நகர்ந்தது, கண்ணாடியில் அனெலியின் முகம் நிமிர்ந்திருந்தது, அப்படி நின்று மகளை ‘வா’ என்று கூப்பிட்டாளா, அவள் அப்பனிடம் ‘பார்த்துக்கொள், நான் நகரமாட்டேன்’ என்று சொன்னாளா, உல்ரிகாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யார் அந்த ஒருவர் என்று கேட்டுத் திரையில் ஒரு வரி போட்டால் போதும், இருபத்துமூன்று நாள் அரித்த கேள்விக்குப் பதில் வரும், கட்டைவிரல் அங்கேயே இருக்கிறது… டிராம் வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது, அவள் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள், தனக்கு இப்போது பதில் வேண்டாம் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது, பொத்தானை எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது, பதினொரு மணிக்கு ஸ்டெலனிடம் இதை எப்படிச் சொல்வது?