பூஜ்யமாம் நம்பர்

கேப்டன் என்று எல்லாரும் கூப்பிட்டாலும் அவர் கப்பலில் கால் வைத்ததுகூட இல்லை. பார்வை இல்லாதவர், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது தொழில். திரையில் இருப்பதை அவருடைய கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும் வேகத்தில் மனைவிக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி இருக்கும். அவரோ சாய்ந்து உட்கார்ந்து "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். இந்த மனுஷன் தலைக்குள் என்னதான் இருக்கிறதோ என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அவள் வாய் பிளப்பாள்.

மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு ஹால். ஞாயிற்றுக்கிழமையானால் டெக்னாலஜி பைத்தியங்கள் அங்கே கூடிவிடும். கணக்கு வாத்தியார், ட்ரோன் பறக்கவிட்டே 'ட்ரோன்' என்று பேர் வாங்கிய பல் டாக்டர் அம்மா, இன்னும் சிலர்; கேப்டனோடு சேர்த்து எட்டுப் பேர். இந்த வருஷம் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் என்று முடிவானதும் பொறுப்பைக் கேப்டன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவரும் சும்மா விடவில்லை. கடலடி இன்டர்நெட் கேபிள் எந்த ஊரில் கரையேறுகிறது, கப்பலின் இன்ஜின் ரூமைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். பெட்டிகளில் மாட்ட, எண் புடைத்த டேக்குகளை ஹாலில் இருந்த த்ரீ-டி பிரிண்டரில் செய்தார். நாடா தைத்தது அவள்தான். திரைச்சீலைக் கடையில் அவளுக்குத் தையல் வேலை. "ஏழு போதும்" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் கேட்டால் ஏதாவது சொல்லி வாயை அடைத்துவிடுவார் என்று பேசாமல் இருந்தாள்.

இன்று 'ஓட்டை வேட்டை'. அது இந்தக் கூட்டத்தின் வழக்கம். எந்தத் திட்டமானாலும் ஆளாளுக்கு அதில் ஓட்டை தேட வேண்டும். கிடைத்த ஓட்டையை அடைக்காமல் திட்டம் பாஸாகாது. துருவித் துருவிப் பார்த்தார்கள். ம்ஹூம். மேஜையில் ஒன்று முதல் ஏழு வரை டேக்குகள் வரிசையாகக் கிடந்தன. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இவர்கள் கம்ப்யூட்டர் மாதிரி டீ டம்ளரைக்கூடப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜாதி. கடைசி எண் ஏழு என்றால் எட்டுப் பேர். பூஜ்யம் கேப்டனுடையது, அவர் பையில் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கேப்டன் அதைத் தெரிந்தேதான் செய்திருந்தார்.

"கையைக் கொடுங்க கேப்டன்! ஓட்டையே இல்ல" என்றார் வாத்தியார்.

"இருக்கு" என்றாள் நாடா தைத்த டேக்குகளோடு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த கேப்டனின் மனைவி. "இவர் எங்கிட்ட ஏழு நாடாதான் கேட்டாரு. ஒண்ணுல இருந்து எண்ணிப் பாருங்க. இவருக்கு டேக்கே இல்ல."

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள்.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் கேப்டன். பிறகு வேறு வழியில்லாமல், "போன வருஷம் கண்காட்சியில என் கையைப் பிடிச்சுக்கிட்டே சுத்தினதுல வாத்தியார் ரோபோ ஆட்டத்தைப் பாக்கவே இல்ல. அவ்வளவு தூரம் போயும் ஒருத்தர் அப்படி நிக்கணுமா? நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேருந்து வழி சொல்றேன்."

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்ன பேச்சு பேசுறீங்க! அந்த ரோபோவை ஊரே பாத்துச்சு. கூட்டத்துக்கு வெளியில நின்னுக்கிட்டு, சத்தத்தை வெச்சே, இடது கால்ல பேரிங் தேயுது, விழப்போகுதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். சொன்ன மாதிரியே குப்புற விழுந்துச்சு. அதைப் பக்கத்துல இருந்து கேட்டவன் நான். இன்னிக்கும் வகுப்புல பீத்திக்கிட்டு இருக்கேன். உங்க காது இல்லாம இன்ஜின் ரூமுக்குள்ள போய் நாங்க என்ன பண்ண?"

கேப்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ட்ரோன் அம்மா அதற்குள் பிரிண்டரை முடுக்கியிருந்தார். அது ஊர்ந்து ஊர்ந்து முடிக்கும்வரை யாரும் நகரவில்லை. சூடு ஆறாத டேக்கைக் கேப்டனின் உள்ளங்கையில் வைத்தார்கள். அதில் புடைத்திருந்த பூஜ்யத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொறுங்க, இன்னொண்ணு வருது" என்றார் ட்ரோன் அம்மா.

அதையும் தடவிப் பார்த்த கேப்டன் குழம்பினார். "மைனஸ் ஒண்ணா? இது யாருக்கு?"

"பூஜ்யத்துக்கு முன்னாடி நடக்கிறவங்களுக்கு. ஓட்டையைக் கண்டுபிடிச்சவங்களை விட்டுட்டுப் போக முடியுமா?"

அது தனக்குத்தான் என்று அவளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

"ரெண்டு நாடா தைக்கணுமே" என்றார் கேப்டன்.

"ஒண்ணு போதும்." அவள் கைப்பையிலிருந்து எட்டாவது நாடாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உங்களோடது அன்னிக்கே தைச்சாச்சு. எனக்குத்தான் தைக்கல."