ரொவீனா மூலையில் நிற்கிறாள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ரொவீனா டன்னிக்ளிஃப், மலைப்பாதையில் பைக் ஓட்டிவிட்டு வந்து, சேறு பிடித்த பூட்ஸைத் தோட்டத்துக் குழாயில் கழுவிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"இன்னிக்கு என்னை மூலையில நிறுத்திட்டுப் போயிட்டாங்க கண்ணு. நிக்கிறேன், நிக்கிறேன், கடைசி ஆள் வரவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்தான். சங்கிலி கழண்டிருச்சாம். உச்சியில போய்ப் பாத்தா டீ ஆறிப்போச்சு."

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் அந்த 'வரவே இல்ல' என்பதற்கும் 'வந்தான்' என்பதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். ஆள் வரவில்லை என்று யாராவது சொன்னால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பேன். அவன் பிற்பாடு வந்துவிட்டான் என்று தெரிந்தாலும் நடை நிற்காது.

(ஒரு குறிப்பு. இந்த ஸ்டாஃபர்ட்ஷயர் பக்கம் எல்லாரும் எல்லாரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் டிரைவர் என்னைக் கூப்பிடுவார், பல் டாக்டரை மீன் கடைக்காரி கூப்பிடுவாள். அதை அப்படியே 'வாத்து' என்று தமிழில் எழுதினால் இருபது வருஷமாக நான் இங்கே அவமானப்பட்டுக்கொண்டிருப்பதாக நீங்கள் நினைப்பீர்கள். ஆகவே 'கண்ணு'.)

2

எப்படித் தொடங்குவது என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஹாலின்கேட் மலைப்பாதையின் மேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த அந்த

வேண்டாம். இங்கே மேகம் தவழாத நாள் ஏது?

ரொவீனாவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆசை வந்தது என்றால் ஊரே

இதுவும் பொய். அவளுக்கு ஆசையெல்லாம் வரவில்லை. நாற்பத்தைந்தில் இடுப்பிலும் பாதங்களிலும் மூட்டு வாதம் வந்தது. சமையலறையிலிருந்து வாசல் வரை நடப்பாள், அதற்குள் இரண்டு தடவை எதையாவது பிடித்துக்கொள்வாள். ஆனால் உட்கார்ந்துவிட்டால் அவள் ராணி. கைகள் நன்றாக இருக்கின்றன. ஆகவே ஒரு பழைய, எடை குறைந்த மண்பாதை பைக்கை வாங்கினாள். அதற்கப்புறம்தான் மோட்டார் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தாள்.

சேர்ந்தது கும்பலாக ஓட்டுவதற்காக இல்லை. உள்ளூர்க் கவுன்சில் ஹாலின்கேட் பாதையை மோட்டார் வண்டிகளுக்கு மூடப் போகிறது என்று கேள்விப்பட்டதால். தனி ஆள் கடிதத்தைக் கவுன்சிலில் யார் பிரிப்பார்கள்? கிளப் என்றால் கூட்டத்துக்காவது கூப்பிடுவார்கள். கிளப் ஆட்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு போய்ப் பாதையோர வடிகால்களைத் தூர் வாருவார்கள். ரொவீனா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, கைக்கு எட்டின தூரம் வரை கொத்துவாள். பிறகு யாராவது வாளியை நகர்த்திப் போடுவார்கள். பெரும்பாலும் லென்.

லென் கோப் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரொவீனாவின் பைக் சீட்டை அறுத்து, பஞ்சைக் குறைத்து, அவள் கால் தரையைத் தொடும்படி இறக்கிக் கொடுத்தது அவர்தான்.

"மலையை உன் உயரத்துக்கு இறக்க முடியாது தாயி. சீட்டைத்தான் இறக்கணும்."

"என்னைக் குள்ளச்சின்னு சொல்றதுக்கு இவ்வளவு சுத்தா?"

"நேரா சொன்னா நீ பிஸ்கெட் தர மாட்டியே."

நான் ஒரு தடவை அவளிடம் கேட்டேன், அப்படி மேலே என்னதான் இருக்கிறது என்று.

"மேல ஒண்ணும் இல்ல. காத்து. ரெண்டு ஆடு. ஆனா மேலன்னு ஒண்ணு இருக்குல்ல? அது எனக்குக் கிடையாதுன்னு யாரும் சொல்லக்கூடாது."

கதை இதற்குத்தான். மற்றதை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை.

3

இரண்டு விதிகளைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். கதையில் விதி சொல்வது சலிப்பு என்று எனக்கும் தெரியும்.

ஒன்று, கிளப்பின் விதி. முன்னால் போகிறவர் ஒரு திருப்பத்துக்கு வந்ததும் தனக்குப் பின்னால் வருபவரை அங்கே நிறுத்திவிட்டுப் போவார். நிற்கிறவர் மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். எல்லாருக்கும் கடைசியாக வால் பிடித்து வருபவர் வந்து சேரும்வரை அந்த மூலையை விட்டு முன்னே நகரக்கூடாது. மழையோ இடியோ, நிற்க வேண்டும். இந்த நம்பிக்கையில்தான் யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுகிறார்கள்.

இரண்டு, கவுன்சிலின் விதி. பாதையை மூடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு வருஷச் சோதனை வைத்திருக்கிறார்கள். மோட்டார் வண்டிகள் மேல் நோக்கி மட்டும் போகலாம். ஒரு வண்டி கீழ் நோக்கி இறங்கியதாகச் சாட்சி கிடைத்தாலும் போதும், பாதை நிரந்தரமாக மூடல். சோதனை முடிய இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி.

(ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உண்டு, ஆபத்து என்று நிரூபித்தால். கடைசி ஆள் புல்லில் உட்கார்ந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தால் அது ஆபத்து இல்லை.)

4

இப்போது ரொவீனாவை மூலையில் நிறுத்துகிறேன்.

பாதை ஓரிடத்தில் படிக்கட்டு மாதிரி பாறை பாறையாக ஏறுகிறது. அதன் தலைமாட்டில் இடது பக்கம் திரும்ப வேண்டும். கிளப் தலைவர் கிளைவ் அவளை அங்கே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாறையில் குதித்து ஏறி, அவளுக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாக்கி, வால் பிடித்து வரும் லென் ஒருவர்தான்.

லென் வரவில்லை.

ரொவீனா இன்ஜினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றினாள், காது கொடுத்துக் கேட்பதற்காக. கீழே வளைவுக்கு அப்பால் ஒரு வண்டிச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. உச்சியில் கிளைவ் ஆள் எண்ணிப் பார்த்துக் குறைகிறது என்று கண்டுபிடித்தாலும், அவரும் இந்தப் பாறையில் இறங்க முடியாது. தார் ரோட்டில் மலையைச் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு வர வேண்டும்.

இந்த இடத்தில் லென்னைக் கொண்டுவந்துவிடலாம். நிஜத்தில் வந்தார். ஒரு வரி போதும். ஆனால் எழுதினேன், அடித்தேன். அவர் வருவதற்கு முன்னால் ரொவீனா என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதை அவள் தோட்டச் சுவருக்கு மேல் சொல்லவில்லை. ஆகவே பிம்மைக் கொண்டுவருகிறேன்.

ஆப்ரி பிம் முழுக்க என் கற்பனை. பாதையை மூடச் சொல்கிற கோஷ்டியின் ஆள். ஞாயிறுதோறும் கழுத்தில் கேமராவோடு இந்தத் திருப்பத்துக் கற்சுவரோரம் வந்து நிற்பார், யாராவது தப்பு செய்வார்களா என்று. முதல் பிரதியில் அவருக்கு மெல்லிய உதடும் கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. மனுஷன் அமைதி வேண்டும் என்கிறார், அதில் என்ன குற்றம்? ஒரு தடவை பைக் சத்தத்துக்கு மிரண்டு அவருடைய நாய் அறுத்துக்கொண்டு ஓடி, மூன்றாம் நாள்தான் கிடைத்தது. ஆகவே உதட்டைச் சரி செய்து, கையில் ஒரு பொட்டலம் புதினா மிட்டாயும் கொடுத்தேன்.

"ஒண்ணு எடுத்துக்கோங்க. ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

"வேண்டாங்க. எங்க ஆளு ஒருத்தரைக் காணோம்."

"வண்டி ரிப்பேரா இருக்கும். அதுங்க அப்படித்தானே."

"இருக்கும். இல்ல, பாறையில விழுந்து வண்டி அவர் மேல கெடந்தா?"

"நடந்து போய்ப் பாத்துட்டு வாங்களேன். பக்கந்தான்."

"என்னால நடக்க முடியாதுங்க."

பிம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இவ்வளவு உசரம் எப்படி வந்தீங்க?"

"இதுலதான்." அவள் பைக்கின் டேங்கைத் தட்டினாள்.

போன மாதக் கவுன்சில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, 'நடந்து வரட்டுமே, யார் தடுத்தார்கள்?' என்று கேட்டுக் கைதட்டு வாங்கியவர் இவர்தான். அது இப்போது அவருக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று நான் எழுதப்போவதில்லை. வந்தது என்று எழுதினால் அவரைத் திருத்தினதாக ஆகிவிடும். திருத்த நான் யார்?

"நான் போய்ப் பாக்கறேன்" என்றார். "ஒண்ணும் இல்லேன்னா கீழேருந்து குரல் கொடுக்கறேன்."

"புண்ணியமா போகும். பாத்து எறங்குங்க, பாசி வழுக்கும்."

"இந்தப் பாதையை உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும்மா."

கேமரா வயிற்றில் ஆட, பாறை பாறையாக இறங்கி வளைவில் மறைந்தார். கொஞ்ச நேரம் பூட்ஸ் சத்தம் கேட்டது.

5

குரல் வரவில்லை.

ரொவீனா கூப்பிட்டாள். "லென்! மிஸ்டர் பிம்!" காற்று எதிர்க்காற்று. கீழிருந்து யாராவது கத்தினால் அவளுக்குக் கேட்க வேண்டும், அவள் குரல்தான் கீழே போகாது. பதில் இல்லை. ஒரு ஆடு மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

ஒருத்தரைக் காணோம் என்றிருந்தது, இப்போது இரண்டு பேர். அதிலும் இரண்டாமவரை அனுப்பி வைத்தது அவள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மெதுவாக, முன்னும் பின்னுமாக உந்தி உந்தி, பைக்கின் மூக்கைக் கீழ்ப் பக்கம் திருப்பினாள். ஆனால் ஸ்டார்ட் செய்யவில்லை.

முடிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

அவள் இறங்குகிறாள். வளைவுக்கு அப்பால் லென் வண்டிக்கு அடியில் கிடக்கிறார். பிம் ஒற்றை ஆளாக அதைத் தூக்க முடியாமல், கத்தவும் மூச்சில்லாமல் திணறிக்கொண்டிருக்கிறார். ரொவீனா உட்கார்ந்தபடியே தன் கைபலத்தால் வண்டியை... நல்ல முடிவுதான். ஆனால் இது அவளுக்கு நான் கொடுக்கும் லஞ்சம். இறங்கினது சரி என்று ஆக்குவதற்காக லென்னின் காலை உடைக்கிறேன்.

அவள் இறங்குகிறாள். லென்னும் பிம்மும் புல்லில் உட்கார்ந்து கால்பந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். குரல் கொடுக்க மறந்தே போய்விட்டது. (இதுதான் நடக்கக்கூடியது. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு கழண்ட சங்கிலியைச் சுற்றி உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும்.) பைக் சத்தம் கேட்டு பிம் நிமிர்கிறார். பழக்க தோஷம், கை தானாகக் கேமராவுக்குப் போகிறது. பாதை போயிற்று. அவள் சக்கரத்தாலேயே போயிற்று.

அவள் இறங்கவில்லை, விதியை மதித்து நிற்கிறாள். சாயந்தரம் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து

இதை முடிக்க மாட்டேன்.

6

வேறு வழி தெரியாமல் நிஜ ரொவீனாவிடமே போனேன். அவள் சீஸும் பன்றி இறைச்சியும் வைத்து ஓட்ஸ் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கதையை முழுக்கச் சொன்னேன்.

"லென்னைக் கொன்னுட்டியா?"

"தெரியல."

"தெரியாமலா என்னை அங்க நிறுத்தி வெச்சே? பாவி. அவ்வளவு நேரம் என் கால் தாங்குமா? வண்டியிலயாவது உக்கார வெச்சியா?"

"உக்காந்துதான் இருக்கே."

"அது மட்டும் நல்லது." ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"எறங்கியிருப்பேன். இதுல என்ன கேள்வி?" பட்டென்று சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த ஜன்னலிலிருந்து மலை தெரியாது, எதிர் வீட்டுக் குப்பைத் தொட்டிகள்தான் தெரியும். "அப்புறம் மேல போக முடியாதுல்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "சும்மா சங்கிலிக்காகவா?" என்றாள். அவள் ரொட்டி ஆறிப்போயிற்று. நான் என்னுடையதைத் தின்றுவிட்டு எழுந்தேன், எழுந்திருக்கும்போதே கூச்சமாக இருந்தது.

வாசலில் அவள் கூப்பிட்டாள். "கண்ணு, என்னைத் தீர்மானிக்கச் சொல்லாதே. படிக்கறவங்களைக் கேளு."

கேட்கிறேன். வண்டியின் மூக்கு கீழ் நோக்கி இருக்கிறது. சாவி போட்டாயிற்று. அவள் கட்டை விரல் ஸ்டார்ட் பொத்தானின் மேல் இருக்கிறது. கீழேயிருந்து இன்னும் குரல் வரவில்லை. அழுத்துவதும் எடுப்பதும் உங்கள் கையில்.

ஒரே ஒரு நிபந்தனை. 'நானாக இருந்தால் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்' என்று சொல்லாதீர்கள். இருக்கிற இடத்தை விட்டு எழுந்திருக்காமல் முடிவு செய்யுங்கள்.