வெளியே தாழ்ப்பாள்

சர் ஃபுல்க் பிரான்சுப் போரிலிருந்து திரும்பிய வருஷம் ஆஷ்கோம்ப் மாளிகையில் மறுபடியும் கொத்து வேலை தொடங்கியது. நடுவில் அடுப்பு எரிய, புகை கூரைத் திறப்பு வழியே போகும் அந்த உயரமான கூடத்தைக் கட்டியவர் அவருடைய பாட்டனார். மேற்குக் கோடியில் மாடிப் படுக்கையறையைச் சேர்த்தவர் தகப்பனார். கொள்ளைநோய்க்கு முன்பு கூடத்துப் பலகைகளில் இடம் போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிடுவார்களாம். இப்போது சாப்பாட்டு நேரத்தில் யாராவது இருமினால் எதிரொலி கேட்டது.

ஆள் குறைந்த வீட்டுக்கு இன்னொரு அறை எதற்கு என்பது அவர் மனைவி அமிஸுக்குப் புரியவில்லை.

புரியாதது இன்னும் நிறைய இருந்தது. திரும்பி வந்த நாளிலிருந்து ஃபுல்க் அவளோடு படுப்பதில்லை. முழங்கால் வலி, படியேற முடியவில்லை என்று கூடத்துப் பெஞ்சிலேயே தூங்கினார். ஆனால் கொத்தனார் வேலையைப் பார்க்க தினமும் மாடிக்கு ஏறினார். சாப்பிடும்போதும் கையுறையைக் கழற்றவில்லை. தனக்கென்று தனிக் கோப்பை வைத்துக்கொண்டார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. நான் விஷம் வைப்பேன் என்று நினைக்கிறாரோ என்று அமிஸ் எண்ணினாள்.

குழந்தை இல்லை. அவள் சீதனமாகக் கொண்டுவந்த ஆற்றங்கரைப் புல்வெளியும் மாவு ஆலையும் இன்னும் அவள் பேரில்தான் இருந்தன. குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரபு, பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று சொல்லி அவளைக் கோபுரத்தில் பூட்டிவைத்து, நிலத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியே விட்டாராம். வெளியே வந்தது பிணம் என்றும் ஒரு பேச்சு இருந்தது.

ஒருநாள் அமிஸ் கொத்தனார் ஹாமோவைக் கேட்டாள்.

"ஜன்னல் எங்கப்பா?"

"எஜமான் வேண்டாம்னுட்டாரும்மா. காத்துக்கு மேலே ஒரு சின்ன இடுக்கு விட்டிருக்கேன்."

"அந்த மூலையில ஓட்டை?"

"அது... ஒதுங்கறதுக்கும்மா. நேரா அகழியில விழுந்துடும்." ஹாமோ சுண்ணாம்பைக் குழைக்கத் தொடங்கினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படியானால் உள்ளே இருப்பவர் எதற்காகவும் வெளியே வரத் தேவையில்லை.

அந்த வாரமே கொல்லன் கதவைக் கொண்டுவந்து மாட்டினான். பணிப்பெண் சபினா ஓடிவந்து சொன்னாள்: "அம்மா, தாழ்ப்பாளை வெளிப்பக்கமாப் போட்டிருக்காங்க. பன்றிப்பட்டிக்குத்தாம்மா இப்படிப் போடுவாங்க!"

அறுவடை முடிந்து சந்தைக்குப் போகும் வழியில் அமிஸின் அண்ணன் பியர்ஸ் வந்தான். தோட்டத்துக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஒன்பது வருஷம் அந்த ஆள்கிட்ட எப்படித்தான் குப்பை கொட்டினியோ!" என்றான் பியர்ஸ். "மிக்கேல் திருநாளுக்கு வாத்துக்கறி சாப்பிட வர்ற மாதிரி வர்றேன். கூட நாலு ஆளும் வரும். நீ பெட்டியைக் கட்டி வை."

சொல்லும்போதே அவன் பார்வை வேலிக்கு அப்பால் ஆலையின் சக்கரத்தில் நின்றது. அதையும் அமிஸ் கவனித்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் மதியம். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அமிஸ் மாடியேறி அந்த அறைக்குள் நுழைந்தாள். ஒரு கட்டில், ஒரு சிலுவை. சுவரில் கண் உயரத்தில் ஒரு சிறு துளை. கண்ணை வைத்துப் பார்த்தால் கீழே கூடம் முழுவதும் தெரிந்தது: அடுப்பு, பலகைகள், அவள் உட்காரும் நாற்காலி.

"இங்க என்ன பண்றே?"

வாசலில் ஃபுல்க் நின்றிருந்தார். தனியாக வந்ததால் கையுறை போடவில்லை. அவளைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"எனக்குக் கட்டின கூண்டைப் பார்க்க வந்தேன்," என்றாள். "நிலம்தானே வேணும்? வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!"

"உனக்கா? யார் சொன்னா உனக்குன்னு?"

"பின்னே யாருக்கு? தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"கீழே போ, அமிஸ்."

"மாட்டேன். சபினா முன்னாடி, ஹாமோ முன்னாடி சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"

அவர் கோபமாகத் திரும்பி வாசலோரச் சுவரில் கையை ஊன்றினார். ஹாமோ விட்டுப்போன உளி அங்கே ஓர் இடுக்கில் முனை நீட்டிக்கொண்டு செருகியிருந்தது. கூரான முனை உள்ளங்கையில் ஏறியது. ரத்தம் புது வெள்ளைச் சுவரில் வழிந்தது. ஃபுல்க் முகம் சுளிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு வேவு பார்க்கிறியா?" என்று பேசிக்கொண்டே போனார்.

அமிஸ் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வலிக்கலையா?"

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெருநோய். குஷ்டம்," என்றார். "போன வருஷமே தெரியும். வெளியே தெரிஞ்சா பாதிரியார் வந்து என்னை மண்டியிட வெச்சு, செத்தவனுக்குச் சொல்ற ஜெபத்தைச் சொல்லிக் ஜனங்க விலகிப்போக ஆட்டற கைமணியைக் கொடுத்து ஊர் எல்லைக்கு அனுப்பிடுவார். வீட்டை யாராவது பிடுங்கிக்குவான். அதான் இங்கேயே..."

"தாழ்ப்பாள்?"

"என்னைக்காவது தனிமை தாங்காம கீழே வந்துட்டா? யாரையாவது தொட்டுட்டா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்கு ஒரு அண்ணன் இருக்கானே."

அமிஸ் முக்காட்டுத் துணியைக் கிழித்து அவர் கையைக் கட்டியபடி, அண்ணன் நாளை ஏன் வருகிறான் என்பதைச் சொன்னாள்.

மறுநாள் பியர்ஸ் நான்கு ஆட்களோடு வந்தான். நேரே மாடிக்குப் போய் அறையைப் பார்த்தான்.

"இது என் ஜெப அறை அண்ணா," என்றாள் அமிஸ். "நான்தான் முட்டாள்தனமா எதையோ நினைச்சுட்டேன்."

"வெளித்தாழ்ப்பாள் போட்டு எந்தக் கடவுளைக் கும்பிடுவே?"

"பூனை உள்ளே போய்ப் படுக்குது."

அவன் நம்பவில்லை. கூடத்தில் வாத்துக்கறி வந்தபோது எழுந்து நின்று கையை நீட்டினான். "சந்தேகப்பட்டுட்டேன் மாப்பிள்ளை. கையைக் கொடுங்க. கையுறையைக் கழட்டிட்டுக் கொடுங்க, சமாதானம்னா அதுதான் மரியாதை."

ஃபுல்க் அசையவில்லை. அமிஸ் எட்டி அவருடைய வலக்கையைத் தன் கையில் எடுத்தாள். கையுறையை அவளே உருவினாள். ரத்தம் ஊறிய கட்டுத்துணி விரல் நுனிவரை சுற்றியிருந்தது.

"நேத்து உளி ஏறிடுச்சு. இந்தக் கையைக் குலுக்கித்தான் ஆகணுமா?" என்று சொல்லி, எல்லாரும் பார்க்க அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பியர்ஸ் கையை இறக்கினான். சாப்பாடு முடியும்வரை அவன் கண் அந்தக் கட்டை விட்டு நகரவில்லை. குதிரையேறும்போது, "என்னவோ இருக்கு. ஆனா நீயே அவன் பக்கம் நின்னா நான் என்ன செய்ய?" என்றான். அதன்பிறகு அவன் வரவில்லை.

அன்று அவர்கள் போனதும் ஃபுல்க் கேட்டார்: "நீதானே அவனை வரச் சொன்னே?"

"ஆமா."

"இன்னொரு தடவை சொல்லமாட்டேன்னு எப்படி நம்பறது?"

அவள் கையுறையை எடுத்து மறுபடி அவர் கையில் மாட்டிவிட்டாள்.

பனி விழத் தொடங்கியதும் அவர் அந்த அறைக்குள் போனார். மூட்டுவாதம் என்று வீட்டாருக்குச் சொன்னார்கள். சாப்பாட்டை அமிஸே கொண்டுபோனாள். தினமும் அவர் அதையே கேட்டார்: இன்று யார் வந்தது, நுழைவாசலில் நின்று யாரிடம் பேசினாய், ஏன் சிரித்தாய்? அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சில நாள் நம்பினார். நம்பாத நாட்களில் தட்டைத் தொடாமல் திருப்பி நீட்டினார். அவள் அதை அங்கேயே வைத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள்.