சர்வர் இல்லாமல் வந்த பஸ்கள்

மறைமலைநகரில் நாஸ்தா கடைக்கு மேலே ஓர் அறை. அதில் எங்கள் சர்வர். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் யாருக்கு எந்த ஷிஃப்ட், யாரை எந்த பஸ் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்வார்கள்; எங்களுக்கு மாத வாடகை. நானும் மனைவி காயத்ரியும் அதை வைத்துத்தான் சாப்பிட்டோம். செங்கல் சூளையில் மண் மிதித்து வளர்ந்தவன் நான். அந்த வாடிக்கை போனால் மறுபடி மண்தான்.

2006-இல், தகவல்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளை விற்ற கம்பெனி, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது புது நிபந்தனை போட்டது: சொந்த உபயோகத்துக்கு மட்டும், அதை வைத்து வெளியாருக்குச் சேவை விற்கக் கூடாது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே சேவையை அவர்களே தொடங்கியிருந்தார்கள். பழைய உரிமம் சனிக்கிழமையோடு முடிந்து, மென்பொருள் தானே பூட்டிக்கொள்ளும். காயத்ரி எல்லாவற்றையும் இலவச மென்பொருள் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்கு முன் முடியாது. திங்களன்றோ ஷிஃப்ட் மாறும் நாள்; அந்தப் புதுப் பட்டியலை சர்வர் ஞாயிறு இரவுதான் போடும்.

தொழிற்சாலையில் பஸ்களைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அம்சா அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"அந்தக் கம்பெனி ஆளு நேத்தே வந்து ஒக்காந்துட்டான்யா. அவன் கையில குடுத்துட்டா எனக்கு இன்னா கவல?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "சரி, பேஜாராவாத. கருப்பன் அண்ணாத்தய கூப்புடு."

டிரைவர் கருப்பன் வந்தார். "இவன் மிஷினு வர்றதுக்கு முன்னாடி நாங்க இன்னா மாட்டு வண்டியா ஓட்டிகினு இருந்தோம்?" என்றார்.

சனிக்கிழமை எல்லா டிரைவர்களும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள்: "திங்கக்கெழம எந்த ஷிஃப்ட்டுபா?" சுழற்சி முறையில் அவரவர் ஷிஃப்ட் அவரவருக்குத் தெரியும்; சொன்னதை டிரைவர்கள் சீட்டில் குறித்துக்கொண்டார்கள்.

திங்கள் காலை கேட்டருகே நின்றேன். அந்தக் கம்பெனி ஆளும் ஒப்பந்தத்தோடு நின்றார். பஸ்கள் வந்தன. திருக்கழுக்குன்றம் வண்டியை மட்டும் காணோம். ரோடு வரை போய் எட்டிப் பார்த்தேன். சங்கு ஊதும் நேரத்தில் அதுவும் வந்தது.

"ஒர்த்தன வுட்டுட்டு வந்துட்டேன். திரும்பிப் போய் இட்டாந்தேன்," என்றார் கருப்பன்.

அம்சா அக்கா அந்த ஆளிடம், "எங்க வண்டி ஓடிகினு கீது சார். நாளைக்கு இவங்க சிஸ்டமும் வந்துரும்," என்றார்.

கருப்பனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய வுடு நைனா. போய் மிஷின ரெடி பண்ணு. கத்திக் கத்தித் தொண்ட போச்சு."

அவருக்கு டீ சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.